ஆர்லிஸ் வீட்டுக் கிணற்றுத் தண்ணீர்

தபாலைப் பெட்டிக்குள் போட்ட பிறகும் ஆர்லிஸ் டோலஃப்சன் கார்க் கண்ணாடியை ஏற்றமாட்டாள். மடியிலிருக்கும் ஊறுகாய் ஜாடியை எடுத்து வெளியே நீட்டுவாள். உள்ளே செம்மண் குழம்பு மாதிரி ஏதோ ஆடும். "பாத்தியா? இந்த வாரம் என் கிணத்து வடிகட்டியில சிக்கினது. அத்தனையும் இரும்பு. கழுவாம விட்டா மெஷினு மூச்சு முட்டிப் போயிடும்." மூக்கு உறைந்துபோகும் குளிரில், தபால் வாங்க வந்தவர் கால் மாற்றிக் கால் மாற்றி நிற்பார். அதெல்லாம் அவள் கண்ணில் படாது.

எங்கள் பக்கத்துச் சாலைகளில் தபால் கொடுப்பவள் அவள்தான். எங்கள் ஊர்க் கார்களில் ஸ்டீயரிங் இடப்பக்கம். ஆனால் தபால் பெட்டிகளெல்லாம் சாலையின் வலப்பக்கம் இருப்பதால், வலப்பக்க இருக்கையில் உட்கார்ந்துகொண்டு இடது கையையும் இடது காலையும் எட்டிப் போட்டுக் காரை ஓட்டுகிறாள். புதிதாகப் பார்ப்பவர்கள் ஓட்டுநர் இல்லாமல் கார் வருவதாகப் பதறுவார்கள். அறுபதைத் தாண்டியவள். சட்டைக் கை இரண்டிலும் துருக்கறை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போட்டுவரும் வெள்ளைச் சட்டைக்கும் அதே கதி.

நான் அவளுக்குப் பக்கத்து வீடு. அதனால் கிணற்றுப் புராணத்தை மற்றவர்களைவிட அதிகம் கேட்டவள். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் எங்கள் மினசோட்டாவில் குளிர் எவ்வளவு வாட்டினாலும் ஆழ்கிணற்றுத் தண்ணீரின் சூடு குறையாது. மோட்டார் அதை மேலே இழுக்கும். நிலவறையில் இருக்கும் இயந்திரம் அதிலிருந்து கொஞ்சம் சூட்டைப் பிடுங்கி வீட்டுக்குள் ஊதிவிட்டு, தண்ணீரை வெளியே அனுப்பிவிடும். இவ்வளவுதான் விஷயம். அவள் சொல்லி முடிப்பதற்குள் கையிலிருக்கும் காபி ஆறிவிடும்.

"விறகு இல்ல, எண்ணெய் இல்ல, புகை இல்ல. கிணறு குடுக்குது, நான் வாங்கிக்கிறேன்" என்பாள். அந்தப் பெருமையில், அதுவரை வீட்டைச் சூடாக்கிக்கொண்டிருந்த எண்ணெய் அடுப்பைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டாள். சுமந்துபோனவன் அவள் கணவன் எய்னர். அதிகம் பேசாத மனிதன். "இவ கிணத்தக் கட்டிக்கிட்டவ. நான் சும்மா குடக்கூலிக்கு இருக்கேன்" என்பது மட்டும் அவன் வாயில் எப்போதும் தயாராக இருக்கும்.

வெளியே போகும் தண்ணீர்தான் தொல்லை. முன்பு சாலையோரப் பள்ளத்தில் விட்டுக்கொண்டிருந்தாள். அது அங்கேயே உறைந்து குன்றாக வளர்ந்து குழாயின் வாயை அடைத்தது. அதனால் இலையுதிர் காலத்தில் மண்ணைத் தோண்டி, குழாயை வீட்டுக்குப் பின்னால் இருக்கும் குளத்தின் அடிக்கே கொண்டுபோய்விட்டாள். "இனிமே யாருக்கும் இடைஞ்சல் இல்ல பாரு" என்றாள். கெட்டிக்காரி என்றோம் எல்லாரும்.

அந்தக் குளத்தில்தான் பனிக்காலம் முழுக்க எங்கள் மீன்பிடிப்பு. உறைந்த குளத்தின்மேல் மரக்குடிலை இழுத்துப்போய் நிறுத்தி, பனியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கி உட்கார்ந்துவிடுவோம். ஆனால் ஆர்லிஸ் முதலில் போய்ப் பனி ஆள் தாங்குமா என்று துளைத்துப் பார்த்து, கம்பு நட்டு, அதில் தன் சிவப்புக் கழுத்துத்துணியைக் கட்டவேண்டும். அதுவரை ஒருவரும் கால் வைப்பதில்லை. அவள் துணி பறந்தால் அப்புறம் யாரும் எதையும் யோசிப்பதுமில்லை.

இந்த வருடமும் கட்டினாள். எப்போதும் துளைக்கும் அதே இடத்தில், கரையோரமாகத் துளைத்தாள். பாறை மாதிரி இருந்தது. முதல் குடிலை எய்னர் இழுத்துக்கொண்டு நடந்தான். ஆர்லிஸும் நானும் கரையில் நின்று ரொட்டி தின்றுகொண்டிருந்தோம். "பாரேன் மார்னி, ஆமையே தேவல" என்று அவள் சிரித்து வாய் மூடவில்லை, எய்னரைக் காணோம். குடில் மட்டும் ஒரு பக்கம் சரிந்து நின்றது. அலறலோ சத்தமோ எதுவும் இல்லை. ஒரு மனிதன் அவ்வளவு அமைதியாகக் காணாமல் போகமுடியும் என்று நான் நினைத்ததே இல்லை.

அவள் படகுத்துறையில் கிடந்த ஏணியைத் தள்ளிக்கொண்டு வயிற்றால் ஊர்ந்துபோனாள். நான் அவள் பூட்ஸைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஊர்ந்தேன். தலை ஒன்று மேலே வந்தது.

"எய்னர்! வந்த பக்கமே திரும்புடா! கால ஒதை! ஒதைடா கழுத!"

அவன் உதைத்தான். ஏணியைப் பிடித்தான். எப்படி இழுத்தோம் என்று எனக்குத் தெரியாது. அவன் பனிமேல் வந்து விழுந்ததும் அவள் அந்த ஓட்டையின் விளிம்பைத் தொட்டுப் பார்த்தாள். கரைப்பக்கம் செங்கல் கனம். உள்பக்கம் சாப்பாட்டுத் தட்டின் கனம். கீழே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கிணற்றுத் தண்ணீரில் மிச்சமிருந்த சூடு பனியை அடியிலிருந்தே தின்றிருக்கிறது. மேலே வெண்பனி மூடியிருந்ததால் எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"நம்ம கொழாய்" என்றாள். உதடுதான் அசைந்தது.

வீட்டுக்குள் கொண்டுவந்து, ஈரத்துணிகளை உருவிவிட்டு எய்னரைக் கம்பளியில் சுருட்டி சோபாவில் கிடத்தினோம். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். "வந்து சேர நேரமாகுங்க. அதுவரைக்கும் வீட்ட நல்லா சூடா வெச்சிருங்க" என்றாள் தொலைபேசியில் பேசிய பெண். திரும்பினால் ஆர்லிஸ் இல்லை. நிலவறையில் இயந்திரத்தின் உறுமல் சட்டென்று நின்றது.

கீழே ஓடினேன். சுவிட்சின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னடி பண்ற?"

"இன்னொரு சொட்டு அங்க போவக்கூடாது. என் கையாலயே அவன அனுப்பி வெச்சேனே, மார்னி. துணியக் கட்டினது நான்தானே."

"கொளத்துல இப்ப ஒரு ஆள் இல்ல. எல்லாருக்கும் நான் சொல்லிடறேன், யாரும் கால் வெக்கமாட்டாங்க. அவன் மேல வெறச்சுக் கெடக்கான். வேற அடுப்பு இருக்கா உன்கிட்ட?"

சுவிட்சிலிருந்து அவள் கையை எடுக்கவில்லை. மேலே சோபாவிலிருந்து எய்னரின் குரல் நடுங்கிக்கொண்டு வந்தது.

"ஆர்லிஸ்... குளுருது."

அவள் சுவிட்சைப் போட்டாள். இயந்திரம் உறுமியது. எங்கள் தலைக்குமேல் போகும் குழாயில் தண்ணீர் குளத்தை நோக்கிச் சலசலவென்று ஓடத் தொடங்கியது. ஆர்லிஸ் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் காதுகளை இறுகப் பொத்திக்கொண்டாள்.