சத்தம் கேட்காமல் போட்ட லைக்

அன்றைக்குத் தறிப் பட்டறையில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி அண்ணன். புதுப் பாவு ஏற்றியதால் நூல் பிணைக்க வந்திருந்த அக்கா. நான். என் பக்கத்துத் தறிகளை ஓட்டிய, கெங்கவல்லி ஊர்ப் பெண். அவளோடு தறி ஓட்டிய அவளுடைய வீட்டுக்காரன்.

அவர்கள் இரண்டு பேரும் வேறு வேறு சாதி. பெண் வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொண்டு, ஜலகண்டாபுரம் தாண்டி இருக்கும் எங்கள் பட்டறைக்கு வந்து, பின்னால் லைன் வீட்டில் குடியிருந்தார்கள். இது நம்மோடு நிற்கட்டும் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அவர்கள் வந்த நாளிலிருந்தே எனக்குப் பயம்தான். எனக்கு எதற்குத்தான் பயமில்லை, கேஸை அணைத்துவிட்டுத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்கிறவள் நான்.

விசைத்தறி ஓடும்போது காதோரம் கத்தினாலும் கேட்காது. கையாலும் உதட்டாலும்தான் பேசிக்கொள்வோம். ஆனாலும் ஆளுக்கொரு போனைக் கம்பி வளைத்துத் தறிச் சட்டத்தில் மாட்டியிருப்போம். நான் ஏழாவதோடு நின்றவள், திரையில் ஓடுகிற எழுத்தைப் பிடித்துப் படிக்க எனக்கு வராது. சத்தமும் எழுத்தும் இல்லாமல் புரிகிற வீடியோதான் வேண்டும். அப்படித்தான் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் எங்கள் எல்லோருடைய போனுக்குள்ளும் வந்தார். வயசானவர்களுக்கு அரிசி மூட்டை இறக்குவார். டயர் வெடித்து நிற்கிற லாரிக்காரர் கையில் பணத்தை வைப்பார். அழுகிறவர்கள் தோளைத் தொட்டுக் கும்பிடுவார். நாங்கள் ஹார்ட்டைத் தட்டுவோம். அக்கா சம்பளம் வாங்கியதும் அவருக்கு இருநூறு ரூபாய் போனிலேயே போட்டுவிடுவாள்.

"உண்டியல்ல போடறதுக்கு இது மேலு கண்ணு. போயிச் சேருதான்னு கண்ணால பாக்கறமல்ல."

அவர் என்ன பேசுகிறார் என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. வீட்டில் கேட்டிருக்கலாமே என்பீர்கள். வீட்டுக்குப் போனாலும் எங்கள் காதில் தறிதான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஆயுத பூஜை முடிந்த வாரம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம் கரண்ட் போனது. எல்லாத் தறிகளும் ஒன்றாக நின்றன. அந்த அமைதியில் அக்காவின் போன் மட்டும் முழுச் சத்தத்தில் பேசியது.

"என் உசுரான சொந்தங்களே..."

குரல் மென்மையாக இருந்தது. இன்றைக்கும் எனக்குப் பயம் அதுதான்.

"பெத்தவ வயிறு எரியுது பாருங்க. இந்தப் புள்ளைய ஒருத்தன் கூட்டிட்டுப் போயிட்டான். நம்ம மாவட்டத்துல ஏதோ தறிப் பட்டறைலதான் இருக்காங்கன்னு தகவல் வந்திருக்கு. பாத்தவங்க கமெண்ட்ல போடுங்க. மத்தத நம்ம பசங்க பாத்துக்குவாங்க."

கெங்கவல்லிப் பெண் எழுந்து வந்து அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, அழுவுறது எங்கம்மா" என்றாள். "அந்தப் போட்டோ நானு."

அக்காவின் கையிலிருந்து நூல் நழுவியது. "சாமி... நானு பூசைப் படத்தத்தான் அவரு பக்கத்துல போட்டு உட்டேன். எல்லாரும் போட்டாங்கன்னு போட்டேன்."

ஆயுத பூஜைக்குத் தறிகளுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் வாழை கட்டி, புதுத் துணியோடு நின்று படம் எடுப்பது எல்லாப் பட்டறையிலும் உண்டு. அந்தப் படத்தில் கெங்கவல்லிப் பெண் மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு முன்னால் நிற்கிறாள். அண்ணன் போனை வாங்கி விரலால் பெரிதாக்கினார்.

"செவுத்துல கரண்ட் சர்வீஸ் நம்பரு தெரியுதே அக்கா. இத வெச்சே வாசலுக்கு வந்துருவானுங்களே."

அதற்கு அவசியமே இருக்கவில்லை. படத்துக்குக் கீழே யாரோ "எந்த ஊருங்க அக்கா?" என்று கேட்டிருந்தார்கள். அக்கா ஊரைச் சொல்லி, "வாங்க, காப்பி குடிக்கலாம்" என்றும் போட்டிருந்தாள்.

"காப்பிக்கு வேற கூப்ட்டுட்டீங்களாக்கா" என்று அவள் வீட்டுக்காரப் பையன் சிரித்தான். சிரிப்பு பாதியில் நின்றது.

அக்கா படத்தை அழித்தாள். எத்தனை பேர் போனில் அது ஏறிவிட்டதோ. கரண்ட் திரும்ப வருவதற்குள் அவர்கள் இரண்டு பைகளோடு கிளம்பிவிட்டார்கள். அவள் சிம்மைக் கழற்றி உடைத்தாள். எங்கே போகிறோம் என்று சொல்ல வாய் திறந்தாள்.

"சொல்லாத சாமி" என்றேன். "மெரட்டுனா நான் சொல்லிப்போடுவேன்."

சனிக்கிழமை பைக்கில் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தபடியே உள்ளே வந்தான். தறியை நிறுத்தச் சொன்னார்கள்.

"உதவி பண்ணத்தானுங்க வந்தோம். அந்த நாலு தறி ஏனுங்க நிக்குது?"

"ஆளு கெடைக்கலீங்க. நீங்க ஓட்டறீங்களா?" என்றார் அண்ணன்.

வீடியோ எடுத்தவன் சிரிக்கவில்லை. பின்வாசலுக்குப் போய், கொடியில் கிடந்த மஞ்சள் துப்பட்டாவைத் தொட்டான். அவள் மறந்துவிட்டுப் போனது.

"இது யாருதுங்க?"

"என்னுதுங்க."

என் நரைத்த தலையைப் பார்த்தான், துப்பட்டாவைப் பார்த்தான். "மறுபடி வாரோம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

அக்கா அந்த இருநூறு ரூபாயை நிறுத்திவிட்டாள். நானும் அந்த வெள்ளைச் சட்டைக்காரரை என் போனிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது யாரையாவது புதிதாகச் சேர்க்கத் தோன்றினால், பட்டறையை விட்டு ரோட்டோரம் வந்து, போனைக் காதில் வைத்து முழுசாகக் கேட்கிறேன். ஒருதரம் கேட்டால் மனசு நிற்பதில்லை, பழைய வீடியோக்களையும் கேட்கிறேன். ஜாக்கெட் தைக்கச் சொல்லித்தரும் அம்மாவும், ஆட்டு நோய்க்கு மருந்து சொல்பவரும்தான் மிச்சம். அவர்களும் என்றைக்கு என்ன பேசுவார்களோ.

அவர்கள் இரண்டு பேரும் அகப்பட்டார்களா என்று தெரிய வேண்டுமானால் அந்த வெள்ளைச் சட்டைக்காரர் பக்கத்துக்குள்தான் போக வேண்டும். போனால் பார்த்தவர்கள் கணக்கில் நானும் ஒரு ஆள் கூடுவேன். போகாவிட்டால் தெரியாது. விரல் திரைக்கு மேலேயே நிற்கிறது.

வியாழன் வரை அவர்கள் ஓட்டிய கூலியை அண்ணன் என்னிடம் கொடுத்து, "வந்தா குடு" என்றார். யாரும் வரவில்லை. போட்டுவிட நம்பரும் இல்லை. அந்தத் துப்பட்டாவில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். கொடுக்க வேண்டிய பாக்கி நாலாயிரத்து நூற்று இருபது ரூபாய்.