ஒற்றைக் கை வேட்டி

இப்போதும் மத்தியானம் கொஞ்சம் கண்ணசந்தால் என் வீட்டுக்காரர் வந்துவிடுவார். நிலைக்கதவு ஓரமாக நின்று மெல்ல ஒரு சுற்று சுற்றுவார். வெள்ளை வேட்டி அவர் இடுப்பில் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். விழித்த பிறகும் சற்று நேரம் அந்த வெள்ளை கண்ணை விட்டுப் போகாது.

எழுபதுகளில் காமயகவுண்டன்பட்டியில் எங்களுக்குச் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம் இருந்தது. அவர் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார். நான் வீட்டில் மெஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்தேன். ஒரு நாள் காலையில் அவருக்கு இடது கையும் காலும் இழுத்துக்கொண்டன. வைத்தியத்தில் கால் ஓரளவு வழிக்கு வந்தது. இழுத்து இழுத்து நடந்தார். கை வரவில்லை. தோளிலிருந்து சும்மா தொங்கியது.

வேட்டி கட்ட இரண்டு கை வேண்டும் என்று அதற்கு முன் யார் நினைத்துப் பார்த்தார்கள்? தினமும் நான்தான் கட்டிவிட்டேன். கட்டி முடிக்கும்வரை மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டார்.

"பொண்டாட்டி கட்டிவிட்ட வேட்டியோட நான் தெருவுல நடக்க மாட்டேன். என் கையால கட்டுனாத்தான் இனி வாசப்படி தாண்டுவேன்."

மனிதருக்கு வீம்பு பிடித்தால் அவ்வளவுதான். கவாத்து நெருங்கிக்கொண்டிருந்தது. கொடியை எந்தக் கணுவில் வெட்டுவது என்று பக்கத்தில் நின்று சொல்ல அவர் வேண்டும். தோட்டம்கூடப் போகட்டும். சுவரைப் பார்த்து உட்கார்ந்தே ஆள் கரைந்துகொண்டிருந்தார். அப்படியே போய்விடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எதிர்வீட்டு அக்கா, "அவுக இன்னும் வெளிய வரலையா ஆத்தா?" என்று கேட்கும்போதெல்லாம், "தூங்குறாக" என்று பொய் சொன்னேன்.

முதலில் வேட்டியின் மேல்விளிம்பில் நாடா கோத்துக் கொடுத்தேன். "எனக்கென்ன பாவாடையா?" என்று தூக்கிப் போட்டார். அவர் கோபம் கிடக்கட்டும். நாடாவை முடிச்சுப் போடவும் இரண்டு கை வேண்டுமே, அந்தப் புத்தி எனக்கு எங்கே போயிற்று?

அதன் பிறகு மத்தியானங்களில் அவர் தூங்கியதும் என் இடது கையை முந்தானைக்குள் செருகி இறுக்கிக்கொள்வேன். அவருடைய பழைய வேட்டியைச் சேலைக்கு மேலேயே ஒரு கையால் கட்டிப் பார்ப்பேன். மேற்கு மலையிலிருந்து இறங்கி வரும் காற்று, பாதி தைத்துப் போட்ட துணிகளை எல்லாம் ஊதிக்கொண்டிருக்கும். வேட்டி நழுவும், எடுப்பேன், மறுபடி நழுவும். தூங்குகிறேனா விழித்திருக்கிறேனா என்றே தெரியாது. அப்படி ஒரு மயக்கத்தில்தான் அது தோன்றியது. துணி ஓரிடத்தில் நிற்கட்டும், ஆள் சுற்றினால் என்ன?

மேல்விளிம்பில் பட்டி வைத்துத் தைத்தேன். பட்டியின் ஒரு முனையில் கொக்கி. அதை அரைஞாண் கயிற்றில் மாட்டிக்கொள்ளலாம். மறுமுனையில் வளையம், அதை நிலைக்கதவில் இடுப்பு உயரத்துக்கு நான் அடித்த ஆணியில் மாட்ட வேண்டும். பிறகு ஆணியை நோக்கி அவரே சுற்றிக்கொண்டு போனால் வேட்டி உடம்பில் ஏறிவிடும். கடைசியில் வளையத்தை ஆணியிலிருந்து கழற்றி, பட்டியில் இருக்கும் இன்னொரு கொக்கியில் போட்டால் முடிந்தது. எல்லாம் வலது கை வேலை.

அவர் முதன்முதலாகச் சுற்றியபோது நான் கை கொடுக்காமல் தள்ளி நின்றேன். சுற்றி முடித்து, வளையத்தைக் கொக்கியில் போட்டு, நிமிர்ந்து நின்றார். வாசல்வரை போனார். திரும்பி வந்து அதே சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு வந்ததே கோபம். "இன்னும் என்னங்க குறை? மாப்பிள்ளை கணக்கா நிக்கிறீங்க!"

"அதான் குறை" என்றார். "காலு வரைக்கும் தொங்கவிட்டுக்கிட்டு வாய்க்கா வரப்புல எப்படிப் போக? எதிர பெரியவுக வந்தாகன்னா என்ன செய்ய? தொங்குற வேட்டியை இன்னும் எங்கன இறக்க?"

எங்கள் பக்கத்து ஆண்கள் வேலைக்குப் போகும்போது வேட்டியை முழங்காலுக்கு மடித்துக் கட்டிக்கொள்வார்கள். மதிக்க வேண்டியவர் எதிரே வந்தால் சட்டென்று இறக்கிவிடுவார்கள். வாயால் சொல்லும் வணக்கத்தைவிட அதற்கு மரியாதை அதிகம். நானோ ஜாக்கெட் தைக்கிறவள். இடுப்பில் நின்றால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

மறுபடி மெஷினில் உட்கார்ந்தேன். வேட்டியின் உள்பக்கம் கீழ்விளிம்பிலிருந்து இடுப்புவரை சின்னச் சின்ன வளையங்களைத் தைத்து நாடா கோத்தேன். நாடாவை இழுத்தால் வேட்டி முழங்காலுக்கு ஏறும். நாடா நுனியில் இருக்கும் காதை இடுப்புப் பட்டியில் தைத்த பட்டனில் மாட்டினால் அங்கேயே நிற்கும். கழற்றினால் சரசரவென்று இறங்கிவிடும்.

"நாடகத் திரையா புள்ள இது?" என்று சிரித்தார். எத்தனையோ நாளைக்குப் பிறகு பார்த்த சிரிப்பு. அன்று முழுக்க ஏற்றுவதும் இறக்குவதுமாக இருந்தார். மறுநாள் காலையில் தானே கட்டி, தானே மடித்து, வாசற்படி தாண்டிப் போனார். எதிர்வீட்டு அக்கா கேட்காமலேயே, "தோட்டத்துக்குப் போறாக" என்று கத்திச் சொன்னேன்.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு தோட்டத்துக்குப் போனேன். பந்தலுக்குள் வெயில் பச்சையாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்தில் நடந்தபோது கால் தரையில் படுகிற மாதிரியே இல்லை. அவர் வாய்க்கால் ஓரத்தில் ஒரு கல்தூணில் சாய்ந்துகொண்டு ஆள்களிடம் கணுவைக் காட்டிக்கொண்டிருந்தார். வேட்டி முழங்காலில் இருந்தது. என்னைப் பார்த்தார். வலது கை இடுப்புக்குப் போனது. வேட்டி கணுக்கால்வரை இறங்கியது.

யாரோ பெரியவர் வருகிறார் போல என்று திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

பெண்டாட்டியைக் கண்டு வேட்டியை இறக்கிய ஆண்பிள்ளையை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. ஆள்கள் வேறு பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர் கொடியைப் பார்ப்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "பட்டன் கழண்டுருச்சு புள்ள" என்றார்.

நான் தைத்த பட்டன் அது. இழுக்காமல் கழலாது. தூக்கை வரப்பில் வைத்துவிட்டு, "சரி, ஏத்திக்கங்க, தண்ணி படுது" என்றேன். அவர் ஏற்றிக்கொள்ளவே இல்லை. நான் பக்கத்தில் போகும்வரை அப்படியே நின்றார்.