எனக்கு வந்த ஒரே வாசகர் கடிதம்

சமாதான காலத்தில், கிளிநொச்சியில் ஒரு பத்திரிகைக் கந்தோரில் நானும் இன்னொரு நிருபரும் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தோம். அவர் என்னைவிட இரண்டு வயது மூத்த பெண். பத்திரிகையை இணையத்தில் போடத் தொடங்கியதும் வெளிநாட்டு வாசகர்கள் இமெயில் எழுதினார்கள். எல்லாம் அவருக்குத்தான்.

காலையில் வந்த கடிதங்களைத் தாளில் அச்செடுத்து உரியவர் மேசையில் வைப்பது என் வேலை. அவருக்கு ஐந்தாறு தாள் வைத்துவிட்டு வெறுங்கையோடு என் கதிரைக்கு வருவேன். வயிறு எரியும். சில நாள் அவற்றை மத்தியானம்வரை என் மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டியும் இருக்கிறேன்.

அவர் ஒருவரையும் விடாமல் பதில் எழுதுவார். முரசுமோட்டையில் தங்கள் வளவு மாமரம் இன்னும் நிற்கிறதா என்று நோர்வேயிலிருந்து ஒருவர் கேட்டதற்கு, கொதிக்கிற வெயிலில் சைக்கிளில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"நீங்கள் நிருபரோ, தபால்காரரோ?" என்றேன்.

"ரெண்டும்தான். உங்கட மல்லாவிச் சந்தைக் கட்டுரையைத் தாங்கோ, ரைப் பண்ணித்தாறன்."

என் கோழிக் கிறுக்கல் அவருக்கு மட்டும்தான் விளங்கும்.

அந்தக் கட்டுரை வெளிவந்த அடுத்த கிழமை எனக்கும் ஒரு கடிதம் வந்தது, கனடாவிலிருந்து. 'தான் நனைந்துகொண்டு செத்தல் மிளகாய்ச் சாக்குக்குக் குடை பிடித்த வியாபாரியில் என் அப்பாவைக் கண்டேன்' என்று எழுதியிருந்தது. தலைகால் புரியவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரரைக்கூட மறித்து வாசித்துக் காட்டினேன். பக்கத்துக் கதிரைக்காரரின் மேசையில் வேண்டுமென்றே விரித்து வைத்தேன்.

"நல்ல கடிதம். பதில் போடுங்கோ," என்றார்.

இரண்டு பக்கத்துக்குப் போட்டேன்.

பிறகு, கடிதத்தோடு சேர்த்து வைக்கக் கட்டுரையை வெட்டி எடுக்கப்போனால், அதில் குடையும் இல்லை, வியாபாரியும் இல்லை. இணையப் பக்கத்திலும் தேடினேன். இடம் போதாதென்று ஆசிரியர் நான் எழுதிய அந்த வசனத்தை வெட்டியிருந்தார். அதை வாசித்தவர்கள் இரண்டே பேர்: வெட்டியவரும் ரைப் பண்ணியவரும். ஆசிரியர் ஒருவரையும் பாராட்டி எழுதுகிற ஆள் இல்லை.

பக்கத்துக் கதிரையில் அவர் யாருக்கோ பதில் எழுதிக்கொண்டிருந்தார். நான் வெட்கத்தோடு கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். என் வியாபாரியைப் பற்றி நான் எழுதியதைவிட அவர் நன்றாக எழுதியிருந்தார். அப்போதும் வயிறு எரிந்தது.