கனகம் அக்கா மறைத்த பால்

"கனகம் அம்மா போயிட்டாங்கம்மா" என்று போனில் அழுதாள் என் மகள் தேவி. சேரங்கோட்டுக்குப் பக்கத்தில் எங்கள் எஸ்டேட்டில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா கனகம் அக்கா காலமாகிவிட்டார். எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, கோபம். இவள் அவரை அம்மா என்கிறாளே!

அக்கா சிலோனிலிருந்து வந்தவர். குழந்தைகளை விடும் இடத்தைப் பிள்ளைக் காம்பரா என்றுதான் சொல்வார். வாய் அதிகம், கை சுத்தம். சூப்பர்வைசரையே "ஈரக் காலோட உள்ள வராதீங்க!" என்று விரட்டுவார். எப்படி அழுகிற பிள்ளையும் அவர் தோளில் அடங்கிவிடும்.

தேவி வயிற்றில் இருந்தபோது எனக்கு முகம் வீங்கியது, எந்நேரமும் அசதி. கூடலூர் டாக்டரம்மா தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்தார். "பிரசவத்துக்கு அப்புறமும் நிறுத்தாதம்மா. இது குறைஞ்சா பால் சரியா ஊறாது. பத்தலைன்னா உடனே வா" என்றார். அதுவோ தேயிலை விலை அடியோடு விழுந்த காலம். லீவு போட்டவர்களை எஸ்டேட்டில் மறுபடி கூப்பிடவில்லை. மாத்திரை தீர்ந்தபோது, வேலைக்கு நடுவே வந்து தேவிக்குப் பால் கொடுத்துவிட்டு அக்காவிடம் கேட்டேன்.

"புள்ளைக்குப் பால் பத்துதாங்கக்கா?"

"வயிறு முட்டக் குடிச்சிட்டுத்தானே தூங்குது. நீ போயி கொழுந்தப் பாரு புள்ள."

நம்பினேன். மாத்திரை வாங்கப் போகவில்லை. ஒருநாள் பெருமழை, பாதியில் வேலையை நிறுத்திவிட்டார்கள். காம்பராவுக்கு ஓடினால், தேவி அக்காவின் மார்பில் பால் குடித்துக்கொண்டிருக்கிறாள். அவர் பெற்ற மகன் செல்வம் பாயில் கிடந்து பசிக்கு அழுகிறான்.

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல?"

"சொன்னா ஆஸ்பத்திரிக்கு ஓடுவ. பேர வெட்டிருவாங்க. புள்ள பசியாறிச்சில்ல?"

மாத்திரையைத் தொடர்ந்திருந்தால் பால் ஊறியிருக்கக்கூடும் என்று டாக்டரம்மா வருத்தப்பட்டார். பிறகு என் உடம்பு தேறியது. பால் மட்டும் திரும்பவில்லை. என் பிள்ளையின் பசியைத் தீர்த்தவர்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் உடம்பின் உண்மையை என்னிடமே மறைத்தார். அது துரோகம்தான். அதன்பின் நல்லது கெட்டதுக்கு மட்டுமே அவரோடு பேசினேன்.

அடக்கத்துக்கு முன்னால் செல்வம் தாயின் வாயில் பால் ஊற்றினான். அடுத்து டம்ளரைத் தேவியிடம் நீட்டினான். அவள் என்னைப் பார்த்தாள்.

"ஊத்துடி. உனக்குக் குடுத்தவங்கதானே" என்றேன்.

அவளுக்குப் பின் நானும் டம்ளரை வாங்கினேன்.

"நீங்க எங்கிட்டச் சொல்லாமக் குடுத்தீங்க. நான் சொல்லிட்டே ஊத்துறேங்க்கா. எனக்கு இன்னும் மனசு ஆறல. போயிட்டு வாங்க."