ஷட்டருக்கு வைத்த மாமரத்து முட்டு

பெங்களூரில் வேலை செய்யும் மகன் கார் வாங்கியதும், புத்தூர் பக்கத்திலுள்ள எங்கள் வீட்டில் ஷெட் கட்டி இரும்பு ஷட்டர் போட்டான். நாளடைவில் அது மேலே நிற்காமல் தானாக இறங்கியது. காய்த்த மாங்கிளைக்கு முட்டாக வைக்கும் கவைக்கொம்பை அதற்கு வைத்தார் என் வீட்டுக்காரர். "மாங்கா பாரத்தையே தாங்கிக்கினு நிக்கிது, இதுக்கென்னா?" என்றார்.

ஒரு காலையில் ஷெட்டைப் பெருக்கக் குனிந்து நுழையப் போனேன். விறகடுப்பில் பால் பொங்கும் வாசனை வந்ததால் திரும்பி ஓடினேன். முதுகுக்குப் பின்னால் படாரென்று ஷட்டர் விழுந்தது. கொம்பு இரண்டாக முறிந்து கிடந்தது.

"பாரத்தைத் தாங்குற ஸ்பிரிங் தளந்துபோச்சும்மா. பாதியில விட்டா ஷட்டர் தானா நிக்கணும். நிக்கலன்னா அடியில போவாதீங்க, ஸ்பிரிங்க நீங்களே கழட்டவும் கூடாது" என்றார் வந்து பார்த்த மெக்கானிக்.

புது ஸ்பிரிங் போட்டபின் ஒரு கையால் தூக்கினாலே ஏறுகிறது. இப்போது மாதாமாதம் பாதியில் விட்டு, நிற்கிறதா என்று பார்க்கிறேன். ஷட்டர் விழுந்த மறுநாள் பால் காய்ச்சியது அந்த முறிந்த கொம்பை எரித்துத்தான்.