கால் முன்னே பிறந்தவள்

நான் கால் முன்னே பிறந்தவள். தலையைப் பின்னால் விட்டுவிட்டு, இரண்டு காலையும் நீட்டிக்கொண்டு இந்த உலகத்துக்கு வந்தவள். இதில் எனக்கு ஒரு பெருமையும் கிடையாது. நமுனுகுல மலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் முதுகு பிடித்துக்கொண்ட ஒருவரும் என்னை நிம்மதியாக இருக்க விட்டதில்லை. கால் முன்னே பிறந்தவர் மூன்று மிதி மிதித்தால் பிடிப்பு விட்டுவிடும் என்பது எங்கள் லயத்து வரிசை வீடுகளின் சட்டம்.

ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு பேட்டரி டிவியில் படம் தொடங்கும் நேரம் பார்த்துத்தான் வருவார்கள். வாசலில் குப்புறப் படுத்துக்கொண்டு, "பாப்பா, வைம்மா கால. அய்யோ, அங்க இல்ல, கொஞ்சம் கீழ" என்று ஆளுக்கு ஆள் அதிகாரம் வேறு. மாதம் இரண்டு தடவை அப்பாவும் படுப்பார். எழுந்ததும், "எம் பொண்ணு காலு! யாரு வீட்ல இருக்கு இப்படி ஒரு காலு?" என்று லயம் முழுக்கக் கேட்கும்படி சத்தம் போடுவார். எனக்கு மானம் போகும்.

அம்மா மட்டும் படுத்ததே இல்லை. மெய்யான வலி அவளுக்குத்தான். மலையிலிருந்து வந்து கொழுந்துக்கூடையை இறக்கினால், நிமிர்ந்து நிற்க அரைமணி நேரம் ஆகும்.

"படும்மா, மூணே மிதி."

"அடுப்புல சோறு கொதிக்குது." இன்னொரு நாள், "இன்னிக்கு வெரதம்." இன்னொரு நாள், "ஒன் பாரம் தாங்காதுடி."

ஊர் முதுகெல்லாம் தாங்குகிற பாரம் இவளுக்கு மட்டும் தாங்காதாம்! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். ஒருநாள் இந்த முதுகைச் சரிபண்ணாமல் விடுவதில்லை என்று மனசுக்குள் சபதமே போட்டேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பதுளை ஆஸ்பத்திரியில் தாதிப் பயிற்சிக்குச் சேர்ந்ததும் அந்தச் சபதத்தோடுதான். உடற்கூறு வகுப்பெடுக்க யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் வருவார். பிடரியிலிருந்து நடுமுதுகுவரை விரிந்து தோளைத் தூக்குவது ட்ரபீசியஸ். இடுப்பில் தொடங்கி மேல்கைக்கு ஓடி, கையைக் கீழும் பின்னும் இழுப்பது லாட்டிசிமஸ் டார்சி. முதுகெலும்பின் இரண்டு பக்கமும் நின்று, குனிந்த உடம்பை நிமிர்த்துவது இரெக்டர் ஸ்பைனே. அடடா, பெயர் தெரியாமல் இத்தனை வருடம் இதுகளைத்தானே மிதித்திருக்கிறேன்! கொழுந்தைக் கிள்ளித் தோளுக்கு மேலே கூடைக்குள் எறிகிற அம்மாவை மனதில் வைத்துத்தான் எல்லாவற்றையும் பாடமாக்கினேன். சரிவில் நாள் முழுக்கக் குனிந்து நிற்பவளுக்கு இரெக்டர் ஸ்பைனே என்ன பாடுபடும் என்று நினைத்தால் அழுகை வந்தது.

ஒருநாள் டாக்டர், "பாரம் தூக்கேக்க இடுப்பை மடக்கப்படாது, முழங்காலை மடக்கவேணும்" என்று சொல்லிக்கொண்டே, கரும்பலகையடியில் விழுந்த சோக்கை எடுக்க இடுப்பை மடக்கினார். அப்படியே நின்றுவிட்டார்.

"ஐயோ, பிடிச்சிட்டுது!"

என் பக்கத்தில் இருந்தவள் சும்மா இருந்தாளா? "சேர், இவ கால் முன்ன பொறந்தவ" என்று போட்டுக்கொடுத்துவிட்டாள். படித்த மனிதர், திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் தலையைத் திருப்ப முடியாமல் தரையைப் பார்த்தபடியே, "கதவைச் சாத்துங்கோ" என்றார்.

மேசையில் குப்புறப் படுத்தார். ஸ்டூலில் ஏறி, ஒரு காலை மட்டும் வைத்தேன்.

"பிள்ளை, மெல்ல உழக்கும். எந்தத் தசை?"

"இரெக்டர் ஸ்பைனே, சேர்."

"சரி. அழுத்தம் குடுக்கேக்கதான் இறுக்கம் விடுது. நீர் பிறந்த விதத்துக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை." கதவுப் பக்கம் ஒருதரம் கண்ணை ஓட்டினார். "கால் முன்னம்தானே பிறந்தனீர்?"

"ஆமாங்க, சேர்."

"அப்ப இன்னும் ரெண்டு உழக்கும். ஆருக்கும் சொல்லிப்போடாதையும்."

நிமிர்ந்தே நடந்து போனார். அந்த வார விடுமுறைக்கு வீட்டுக்குப் போனதும் நேரே அடுப்படிக்குத்தான் ஓடினேன். "டாக்டருக்கே விட்டுச்சும்மா! இனிமே ஒன் சாக்கெல்லாம் செல்லாது. படு!"

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நீ தலையாலதான்டி பொறந்த."

"என்னம்மா சொல்ற?"

"மூணாவதும் பொட்டப்புள்ளையான்னு ஒங்கப்பா வாசப்படி தாண்டி உள்ள வரல. மருத்துவச்சி கையப் புடிச்சுக்கிட்டு, 'கால் முன்ன வந்துச்சுன்னு சொல்லுக்கா'ன்னு நாந்தான் கெஞ்சுனேன். அதக் கேட்டுத்தான் வந்து ஒன்னையத் தூக்குனாரு. பொய்யின்னு தெரிஞ்ச மருந்து எனக்கு எப்படிடி கேக்கும்?"

அழுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை. அம்மாவே பாயை விரித்துப் படுத்தாள். "காலு வேணாம். படிச்ச கையி இருக்குல்ல, அதால அமுக்கு."

அமுக்கினேன். இடுப்புக்கு மேலே, எலும்பை ஒட்டி, கயிறு மாதிரி இறுகிக் கிடந்தது. "ஸ்... அங்கதான். அங்கயேதான்டி" என்றாள். அந்த முதுகு என்னிடம் வர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

வாசலில் அப்பா படுத்துவிட்டார். "பாப்பா, வந்து மிதி. எம் பொண்ணு காலு பட்டாத்தான் எனக்குத் தூக்கமே வரும்."

போனேன். எப்போதும் மூன்று மிதிதான். அன்றைக்கு நாலாவதாக ஒன்று, கொஞ்சம் பலமாகவே வைத்தேன்.