போகிறவர்களுக்கு ஒரு கதவு

லீக் கம்பெனியில் அவளுக்குப் பெயர் கூட்டக்கா. பதினெட்டு கால்பந்து கிளப்புகளின் தலைவர்களும் வந்து உட்காரும் கூட்டங்களை நடத்துவது சேர்மன்; நடத்தித் தருவது இவள். மைக் வேலை செய்கிறதா, ஏசி யார் தலைக்கு மேல் வீசுகிறது, யார் பக்கத்தில் யாரை உட்கார வைத்தால் பொழுது அமைதியாகப் போகும் என்பதெல்லாம் அவள் பொறுப்பு. நீங்கள் ஆட்டம் பார்ப்பதுண்டா என்று யாராவது கேட்டால், "ஆட்டம் தொண்ணூறு நிமிஷம்தான் சார். அதுக்கப்புறம் நடக்கிற சண்டைதான் என் டிபார்ட்மென்ட்" என்பாள்.

லீக் என்றால் யாரோ ஒரு பெரிய முதலாளியுடையது என்றுதான் அவளுடைய நாத்தனார்கூட வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதலாளி என்று ஒருவரும் கிடையாது. பதினெட்டு கிளப், பதினெட்டு பங்கு. தனி விமானத்தில் பறக்கும் கிளப்புக்கும் ஒன்றுதான், மழை பெய்தால் மைதானத்தில் தவளை கத்தும் கிளப்புக்கும் ஒன்றுதான். பங்குக்கு ஒரு ஓட்டு. விதி ஒன்றை மாற்றப் பன்னிரண்டு கை உயர வேண்டும். அன்றாடம் பார்த்துக்கொள்ள ஒரு சின்ன போர்டு, அதற்குக் கீழே தலைமை அதிகாரி, அவருக்குக் கீழே அட்டவணை, ஆட்டக்காரர் பதிவு, டிவி, சட்டம் என்று நாலைந்து பிரிவுகள். வருடம் முழுக்கக் கிளப்புகளை அதட்டுவது கம்பெனி. கூட்டத்து அன்று கம்பெனியை அதட்டுவது கிளப்புகள். மாமியார் மருமகள் உறவு மாதிரிதான், ஆனால் யார் மாமியார் என்பது மட்டும் மாறிக்கொண்டே இருக்கும் என்று நாத்தனாருக்கு ஒருமுறை விளக்கியிருக்கிறாள்.

சீசன் முடிவில் கடைசி இரண்டு இடங்களில் நிற்கும் கிளப்புகள் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். மைதானத்தில் இறங்கினால் மட்டும் போதாது, கம்பெனியிலும் இறங்க வேண்டும். ஆண்டுக் கூட்டத்தின் முதல் வேலையே அதுதான். இறங்குகிறவர்கள் தங்கள் பங்கை ஏறி வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு எழுந்து போவார்கள். பக்கத்து அறையில் காத்திருக்கும் புதியவர்கள் வந்து, சூடு ஆறாத அதே நாற்காலிகளில் உட்காருவார்கள்.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில், போகிறவரும் வருகிறவரும் ஒரே வாசலில் இடித்துக்கொண்டார்கள். ஒருவர் சிரிப்பை அடக்க, இன்னொருவர் வேறெதையோ அடக்க, இருவரும் மாறி மாறி வழிவிட்டு வெகுநேரம் நின்றதைப் பார்த்தவளுக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த வருடத்திலிருந்து கூட்ட அறையின் இரண்டு கதவுகளையும் பிரித்துவிட்டாள். வருகிறவர்களுக்கு இடது கதவு. போகிறவர்களுக்கு வலது கதவு. அதன் வழியாகப் போனால் டீ போடும் அறையைத் தாண்டிப் பின்பக்க லிஃப்ட், யார் கண்ணிலும் படாமல் வண்டியேறிவிடலாம். யாரும் செய்யச் சொல்லவில்லை, யாரும் கவனித்ததாகவும் தெரியவில்லை. அவளுக்கு மட்டும் அதில் ஒரு திருப்தி.

இந்த வருடம் அந்த வலது கதவு வழியாகப் போக வேண்டிய இரண்டு கிளப்புகளில் ஒன்று அவள் கணவன் வேலை பார்க்கும் கிளப்.

அவர் அங்கே துணி அறையைப் பார்த்துக்கொள்கிறவர். ஜெர்சி, சாக்ஸ், பூட்ஸ், துண்டு எல்லாம் அவர் கையில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த வேலைதான். ஆட்டக்காரர்கள் மாமா என்று கூப்பிடுவார்கள். வீட்டில் அவர் சட்டைப் பையைத் துழாவினால் எப்போதும் ஒற்றை சாக்ஸ் ஒன்று கிடைக்கும், ஜோடி கிளப்பில் இருக்கும்.

குடும்பத்தில் யாராவது கிளப்பில் வேலை செய்தால் சொல்லிவிட வேண்டும், அந்தக் கிளப் விஷயம் வரும்போது அறையில் இருக்கக் கூடாது என்பது கம்பெனி விதி. முதல் நாளே சொல்லிவிட்டாள். அதற்கு மேல் அவளாகப் போட்டுக்கொண்டது, வீட்டில் கம்பெனிப் பேச்சே கிடையாது என்பது. அவரும் கேட்டதில்லை. கிளப் பத்தாவது, பன்னிரண்டாவது இடத்தில் ஓடிக்கொண்டிருந்தவரை அது ஒரு பெரிய காரியமாகவும் இல்லை.

கடைசி ஆட்டத்தில் தோற்றுக் கீழே போவது உறுதியானதும் வீடு ஊமையாகிவிட்டது. கிளப்பில் பாதி ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள் என்று பேச்சு. துணி துவைப்பதை வெளி லாண்டரிக்குக் கொடுத்துவிடலாமென்று யாரோ சொன்னதாக இன்னொரு பேச்சு. யார் இருக்கலாம், யார் போகலாம் என்பதை ஆண்டுக் கூட்டம் முடிந்ததும் சொல்கிறேன் என்று கிளப் தலைவர் சொல்லியிருந்தார். அவர் ஒரு பல் டாக்டர். பல்லைப் பிடுங்குவதற்கு முன்பும் அப்படித்தான் இழுத்தடிப்பார் என்று துணி அறையில் கிண்டல். கிண்டல் செய்தவர்களும் தூங்கவில்லை.

"எனக்குத் துவைக்கத் தெரியும், மடிக்கத் தெரியும், பதினோரு தடிப்பயலுகளைத் திட்டத் தெரியும். இந்த வயசுல இதை வெச்சுக்கிட்டு வேற எங்க போய் நிக்கிறது?" என்றார் ஒருநாள், ஷூவைக் கழற்றியபடி. அவளைப் பார்த்துச் சொல்லவில்லை, ஷூவைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவளுக்கு டாக்டரைத் தெரியும். வருடா வருடம் அவருக்கு நாற்காலி போடுகிறவள் அவள்தான். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் கம்பெனி ஆள் ஒருத்தி கிளப் தலைவரிடம் போய்த் தன் கணவனுக்காகப் பேசினால், நாளைக்கு அந்தக் கூட்ட அறையில் யார் முகத்தைப் பார்ப்பது? நாத்தனாருக்கு இதெல்லாம் பிடிபடவில்லை.

"பதினெட்டு நாற்காலி போடுறவங்களுக்குப் பத்தொன்பதாவதா ஒண்ணு போட முடியாதா அண்ணி?"

"போட்டுடலாம். அதுல ஒருத்தர் உட்காரணும்னா பன்னிரண்டு பேர் கை தூக்கணும்."

"அப்படி என்ன கம்பெனியோ. எங்க அண்ணனுக்குப் பொண்ணு கொடுத்த குடும்பமே அவரைக் கீழ தள்ளுது."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த கணவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு வாரத்தில் அந்த வீட்டில் கேட்ட முதல் சிரிப்பு.

கூட்டத்து அன்று முதல் வேலை முடிகிறவரை அவள் வெளியே இருக்க வேண்டும் என்று கம்பெனிச் செயலர் சொல்லிவிட்டார். அவள் இடத்தில் நிற்க வந்தவர் அட்டவணை போடுகிறவர். சீசனின் முந்நூறு சொச்சம் ஆட்டங்களையும், ஒரே ஊரின் இரண்டு கிளப்புகளுக்கு ஒரே நாளில் சொந்த ஊர் ஆட்டம் விழாமல் அடுக்குகிறவர். எந்தக் கதவு யாருக்கு என்று அவள் இரண்டு தடவை சொன்னாள். "முந்நூறு ஆட்டத்துல யாரையும் இடிக்க விடாதவனுக்கு ரெண்டு கதவா கஷ்டம்?" என்று அவர் கையை ஆட்டி அனுப்பினார்.

அவள் இடது பக்க நடையில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். டாக்டர் வலது பக்கம் போய்விடுவார், தான் ஏதோ கேட்க வந்து நிற்பதுபோல ஆகாது என்றுதான் அந்த இடம். புதிதாக ஏறி வந்த கிளப்பின் தலைவி, பஸ் கம்பெனி நடத்தும் அம்மாள், காத்திருப்பு அறைக்குள் இருப்புக்கொள்ளாமல் அதே நடையில் உலாத்திக்கொண்டிருந்தார்.

இடது கதவு திறந்தது. முதலில் வெளியே வந்தவர் பல் டாக்டர்.

அட்டவணைக்காரர் கதவைப் பிடித்துக்கொண்டு அவரை வழியனுப்பினார். கூடவே அம்மாளையும் பார்த்து இன்னும் ஐந்து நிமிடம் என்று கையைக் காட்டிவிட்டுச் சாத்திக்கொண்டார். இத்தனை வருடம் எது நடக்கக் கூடாதென்று கூட்டக்கா பார்த்துக்கொண்டாளோ அது அவள் கண் முன்னாலேயே நடந்துகொண்டிருந்தது, அதுவும் இந்த டாக்டருக்கு. எழுந்து போனால் தப்பாகத் தெரியும். கார்ப்பெட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இருவரும் நின்றார்கள். முதலில் பேசியது அம்மாள். "டாக்டர், ஒண்ணு கேக்கலாமா? உள்ள பேசும்போது எழுந்து நின்னு பேசணுமா, உட்கார்ந்தே பேசலாமா?"

"உட்கார்ந்தே பேசுங்க. எழுந்திரிச்சா நாற்காலி போயிடும். என்னைப் பாருங்க."

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். டாக்டரும் சிரித்தார். அப்புறம் அந்த அம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். மேல் பிரிவுக்கு வந்துவிட்டோம், ஆனால் துணி அறை என்று சொல்லிக்கொள்ள ஒரு மூலைதான் இருக்கிறது, தேர்ந்த ஆள் யாரும் இல்லை. நீங்கள் ஆள் குறைப்பதாகக் கேள்வி, உங்கள் துணி அறைக்காரரை எங்களுக்குக் கொடுத்துவிடுங்களேன் என்றார்.

"டிக்கெட் பிரிவுல ரெண்டு பேர் இருக்காங்க, தங்கமானவங்க, கூட்டிட்டுப் போங்க. துணி அறைப் பக்கம் மட்டும் வராதீங்க" என்றார் டாக்டர். "அவர் இல்லன்னா எங்க பசங்க ஆளுக்கொரு கலர்ல சாக்ஸ் போட்டுட்டு வந்து நிப்பாங்க. கீழ போனா சேறு ஜாஸ்திதான் ஆகும், கொறையாது."

அப்போதுதான் அவர் கண் நாற்காலியில் இருந்தவள் மேல் விழுந்தது.

"அட, நீங்களா. நல்லதாப் போச்சு. வீட்ல சொல்லிடுங்கம்மா, நாளைக்கு நானே கூப்பிட்டுச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

அவள் எழுந்து நின்றாள். "நான் வீட்ல ஆபீஸ் விஷயம் பேசுறதில்ல சார்."

"இது எப்படிம்மா உங்க ஆபீஸ் விஷயம்? பங்கை எழுதிக் கொடுத்துட்டேன். இப்ப நாங்க உங்க கம்பெனியிலயே இல்ல."

சரிதான். சட்டப்படி சரிதான். அவளுக்கு அது தோன்றவே இல்லை.

கூட்டத்தின் மீதி அவள் கைக்குத் திரும்பி வந்ததும், முதல் காரியமாக அட்டவணைக்காரரைப் பிடித்து என்ன சார் இது என்று கேட்டாள். அவர் மறந்துபோகவில்லை. வலது கதவைத் திறந்து பார்த்தாராம். டீ கிளாஸ் கழுவுகிற இடம், குப்பைக் கூடை, ஈரத் துடைப்பம். "தோத்துட்டாருங்கறதுக்காகப் பெரிய மனுஷனைப் பின்வாசல் வழியாவா அனுப்புறது? மனசு வரலக்கா" என்றார். தான் மறைவாக அனுப்புவதாக நினைத்த வழியில் துடைப்பம் சாத்தியிருக்கும் என்பது அவளுக்கும் தெரிந்ததுதான், போகிறவரின் கண்ணால் பார்த்ததில்லை. அடுத்த வருடத்துக்கு யோசிக்க வேண்டும்.

டீ இடைவேளையில் கணவனுக்கு போன் போட்டாள். பின்னால் மெஷின் ஓடும் சத்தம். விஷயத்தைச் சொன்னாள். அவர் மெஷினை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"அப்ப அந்தப் பெரிய டிரையரை ரிப்பேருக்குச் சொல்லிடுறேன். யாருக்கு எதுக்குன்னு அப்படியே போட்டு வெச்சிருந்தேன்."

அன்று சாயங்காலம் வீட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அறையில் நடந்ததை அவள் வழக்கம்போல அறையிலேயே விட்டுவிட்டாள். நடையில் நடந்ததை மட்டும், நாற்காலி ஜோக்கோடு, நாத்தனார் கேட்டதற்கெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். அவர் இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டார்.

"இனிமே எங்க கிளப்பைப் பத்தி நாம தாராளமாப் பேசலாம், இல்ல?" என்றார்.

"கீழ இருக்கிறவரைக்கும் பேசலாம்."

"மறுபடி மேல வந்துட்டா?"

"அப்ப நான் வாயை மூடிக்குவேன்."

அவர் சட்டைப் பையிலிருந்து ஒற்றை சாக்ஸை எடுத்து மேஜைமேல் வைத்தார். "அப்ப ஒரு வருஷமாவது அவசரப்பட வேண்டாம்னு பசங்ககிட்ட சொல்லி வெக்கிறேன்" என்றார்.